கிளிக் செய்தாகிவிட்டது, இனி என்ன? இணைய மோசடியை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மோசடியில் மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியதும் பலர் முதலில் செய்வது, நினைவுக்கு வந்த ஏதோ ஒரு பாஸ்வேர்டை மாற்றுவது. இல்லையென்றால் வந்த மெசேஜை வெறுப்பில் அழித்துவிட்டு அந்த எண்ணை பிளாக் செய்வது. முதல் வேலை பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது. இரண்டாவது, கையில் இருந்த ஒரே ஆதாரத்தையும் அழித்துவிடுகிறது.

திரையில் என்ன தெரிந்தது என்பதை விட, உங்கள் கையை விட்டு எது போனது என்பதுதான் முக்கியம். ஒன்றும் போகாமல் இருந்திருக்கலாம். பாஸ்வேர்டோ ஓடிபியோ போயிருக்கலாம். பணம் போயிருக்கலாம். போனோ கணினியோ வேறொருவர் கட்டுப்பாட்டுக்குப் போயிருக்கலாம். பரிகாரம் இதைப் பொறுத்துத்தான் மாறும். ஒன்றுக்கு மேல் போயிருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் அந்தச் சாதனத்தின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். அப்புறம் வேறொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். அதன் பிறகு மின்னஞ்சல் கணக்கு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் கடைசியில்தான்.

எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எண், நேரம், லிங்க், பரிவர்த்தனை எண் எல்லாம் அதில் தெரிய வேண்டும். சந்தேகத்துக்குரிய சாதனத்தில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்ட் மாற்றவும் கூடாது. புதியதையும் மோசடிக்காரனுக்கே தட்டச்சு செய்து கொடுத்தது போல் ஆகிவிடும்.

இனி உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போகலாம்.

லிங்க்கை அழுத்திவிட்டேன், வேறு எதுவும் செய்யவில்லை

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. போனும் பிரவுசரும் சமீபத்திய அப்டேட்டில் இருந்தால், ஒரு பக்கம் திறந்ததாலேயே கணக்கு பறிபோவது மிக அரிது. பக்கத்தை மூடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் புதிதாக ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுப்ப அந்தத் தளம் அனுமதி கேட்டு, நீங்களும் கொடுத்திருந்தால், பிரவுசர் செட்டிங்ஸில் போய் அதை ரத்து செய்யுங்கள். அவ்வளவுதான். இதற்காக போனை ரீசெட் செய்ய வேண்டியதில்லை.

வழக்கமாகப் பாஸ்வேர்டை நிரப்பித் தரும் பாஸ்வேர்ட் மேனேஜர் இப்போது மறுக்கிறது

இதை ஒரு தொல்லையாக நினைத்து, கையாலேயே காப்பி செய்து ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இருப்பதிலேயே நம்பகமான எச்சரிக்கை மணி இதுதான். பாஸ்வேர்ட் மேனேஜர் பக்கத்தின் அழகையோ லோகோவையோ பார்ப்பதில்லை, தளத்தின் முகவரியான டொமைன் பெயரை மட்டும்தான் பார்க்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் முகவரி அதற்கு வேறாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும் சிரிலிக் (ரஷ்ய மொழிக்கான) எழுத்துகளை வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை அச்சு அசலாகக் காட்ட முடியும் என்று 2017-இல் ஒரு ஆய்வாளர் செய்தே காட்டினார். பிரவுசர்கள் அதற்கு அப்புறம் சுதாரித்துக்கொண்டன. ஆனாலும் ஒரு எழுத்தை மாற்றி, ஒரு கோட்டைச் சேர்த்து உருவாக்கும் போலி முகவரிகளுக்குக் குறைவே இல்லை.

மேனேஜர் மறுத்தால் முகவரியை இப்படிப் படியுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள். கடைசி இரண்டு துண்டுகள்தான் உரிமையாளரைச் சொல்லும். சில நாடுகளின் முகவரிகளில் மூன்று துண்டுகள். 'என்வங்கி டாட் காம் டாட் லாகின்செக் டாட் நெட்' என்று இருந்தால் அந்தப் பக்கம் லாகின்செக் டாட் நெட்டுடையது. முன்னால் என்வங்கி என்று எழுதியிருப்பது வெறும் அலங்காரம்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்பது ஒரு சமாதானமே இல்லை. இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, போலித் தளம் நடத்துகிறவருக்கும்தான். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள் 2023-இல் குரோமிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

பாஸ்வேர்டை ஏற்கெனவே தட்டச்சு செய்துவிட்டீர்கள் என்றால், சரியான தளத்துக்கு முகவரியை நீங்களே அடித்துப் போய் உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்ட் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள். ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைத்திருப்பதன் உண்மையான விலை அன்றைக்குத்தான் தெரியும். வசதி இருக்கும் தளங்களில், பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையாலோ போன் பூட்டாலோ நுழையும் பாஸ்கீ வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அது உண்மையான டொமைனோடு பிணைக்கப்பட்டது. போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது.

வங்கி மெசேஜ்கள் வரும் அதே வரிசையில்தான் இந்த எஸ்எம்எஸ்ஸும் வந்தது

அது ஒன்றையும் நிரூபிக்காது. பல நாடுகளில் எஸ்எம்எஸ் அனுப்புபவரின் பெயரை விருப்பப்படி போட்டு அனுப்ப வழி இருக்கிறது. ஒரே பெயரில் வருவதையெல்லாம் உங்கள் போன் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறது. அழைப்பில் தெரியும் எண்ணும் அப்படித்தான், போலியாகக் காட்ட முடியும். வந்த வழியாகவே பதில் சொல்லாதீர்கள். வங்கியின் ஆப்பைத் திறந்து பாருங்கள், அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். தேடுபொறியில் கஸ்டமர் கேர் எண் தேடுவது வேண்டவே வேண்டாம். மேலே விளம்பரமாக நிற்கும் எண் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது.

கணினித் திரை முழுக்க வைரஸ் எச்சரிக்கை, அலறல் சத்தம், ஒரு தொலைபேசி எண்

அது வெறும் ஒரு வலைப்பக்கம். உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் சக்தி ஒரு வலைப்பக்கத்துக்குக் கிடையாது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. எண் இருந்தாலே பொய் என்று முடிவு கட்டிவிடலாம்.

எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடியுங்கள். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அதே அலறல் திரும்ப வரும். பிரவுசரை மூடிய பிறகும் திரையின் ஓரத்தில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தால், அது எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியின் வேலை.

அந்த எண்ணை அழைத்து, சொன்ன ஆப்பையும் நிறுவியாகிவிட்டது என்றால் நிலைமை வேறு. கீழே, மவுஸ் தானாக நகரும் பகுதிக்குப் போங்கள்.

'ரோபோ இல்லை' என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் R கீயும் அழுத்தச் சொன்னது

2024-இலிருந்து பரவலாகிவிட்ட தந்திரம் இது. கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். கேப்ட்சா (மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) போலத் தெரியும் பக்கம் ஒன்று, உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிடும். விண்டோஸ் கீயும் R கீயும், பிறகு கண்ட்ரோலும் V கீயும், அப்புறம் என்டர் என்று மூன்று படிகளைச் சொல்லும். அதாவது தீய கட்டளையை உங்கள் கையாலேயே இயக்க வைக்கும். நீங்களே இயக்குவதால் பிரவுசரின் பாதுகாப்பு எதுவும் குறுக்கே வராது. உண்மையான கேப்ட்சா எதுவும் பிரவுசருக்கு வெளியே போய் எதையும் அழுத்தச் சொல்லாது.

என்டர் அழுத்தியாகிவிட்டதா? வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். இந்த வழியில் இறங்குபவை பெரும்பாலும் தகவல் திருடும் நிரல்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதற்கு அடையாளமான குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ கையில் இருந்தால் திருடனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆகவே வேறொரு சாதனத்திலிருந்து ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று என்ற வசதியையும் அழுத்துங்கள். கணினியைப் பொறுத்தவரை, ஆன்டிவைரஸ் ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஆவணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை முழுதாகப் புதிதாக நிறுவிவிடுங்கள்.

நான் கேட்காமலே ஓடிபி வருகிறது

ஒருமுறை வந்தால் யாரோ எண்ணைத் தவறாக அடித்திருக்கலாம். தொடர்ந்து வந்தால் உங்கள் எண்ணையோ, அதோடு பாஸ்வேர்டையுமோ வைத்துக்கொண்டு யாரோ முயல்கிறார். ஓடிபி உங்களிடம் இருக்கும்வரை கதவு மூடித்தான் இருக்கிறது. எந்தச் சேவையிலிருந்து வருகிறதோ அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள்.

ஓடிபிக்குப் பதிலாக 'லாகின் செய்வது நீங்கள்தானா' என்று போனில் பொத்தான் கேட்கும் முறையில் ஆபத்து வேறு விதம். நள்ளிரவில் திரும்பத் திரும்ப வந்து, சலிப்பில் ஒருமுறை ஆம் என்று அழுத்தினால் முடிந்தது கதை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தது இப்படித்தான். அங்கே வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு இந்தக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன, கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். திரையில் காட்டும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்யும் முறை இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

சரி, அழைத்தவரிடம் ஓடிபியைச் சொல்லியே விட்டீர்களா? வங்கியுடையது என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வங்கியை அழையுங்கள். வாட்ஸ்அப்புடையது என்றால் அடுத்த பகுதி.

அவசரமாகப் பணம் கேட்டேனாமே என்று நண்பர்கள் விசாரிக்கிறார்கள்

கேட்டது உங்கள் கணக்கிலிருந்தா, உங்கள் படத்தை வைத்த வேறு கணக்கிலிருந்தா? இதைத்தான் முதலில் நண்பரிடம் கேட்க வேண்டும். வேறு எண், வேறு ப்ரொஃபைல் என்றால் உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது. பாஸ்வேர்ட் மாற்றுவதால் பயன் எதுவும் இல்லை. போலிக் கணக்கைப் பலர் சேர்ந்து ரிப்போர்ட் செய்யுங்கள், நண்பர்களுக்குத் தெரியப்படுத்துங்கள், உங்கள் நண்பர் பட்டியலைப் பிறர் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள்.

உங்கள் எண்ணிலிருந்தே போயிருக்கிறது, வாட்ஸ்அப்பும் உங்களை வெளியே தள்ளிவிட்டது என்றால், ஆப்பில் மறுபடி உங்கள் எண்ணைப் பதியுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணை உள்ளிட்டதுமே திருடன் வெளியேற்றப்படுவான். அதன் பிறகு ஒரு பின் எண் கேட்டு, அது உங்களுக்குத் தெரியாவிட்டால், திருடன் போட்டுவைத்த இரட்டைச் சரிபார்ப்புப் பின் அது. பின் எண் இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளும் அவனும் உள்ளே இருக்க மாட்டான் என்பதால் பதற வேண்டாம். கணக்கு கைக்கு வந்ததும் நீங்களே ஒரு பின் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் உங்களிடம் வழக்கம்போல் வேலை செய்கிறது, ஆனாலும் நீங்கள் அனுப்பாத மெசேஜ்கள் போகின்றன என்றால், செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைப் பாருங்கள். தெரியாத கணினி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். ஏதோ க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னார்களே, அல்லது ஒரு எட்டு எழுத்துக் குறியீட்டை உள்ளிடச் சொன்னார்களே, அதன் விளைவு.

கூரியர் கம்பெனி என்று சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதோ எண்ணை டயல் செய்யச் சொன்னார்களா? உங்கள் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை அது. ஓடிபியைக் குரல் அழைப்பாக வரவழைத்து அவர்களே கேட்டுக்கொள்வார்கள். பெரும்பாலான ஜிஎஸ்எம் நெட்வொர்க்குகளில் *#21# டயல் செய்தால் அழைப்புகள் எல்லாம் எங்காவது திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பலையும் நீக்கிவிடும். இது வேலை செய்யாவிட்டால் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்.

மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ஏதோ சரியில்லை

நான் அதிகம் கவலைப்படுவது இந்த அறிகுறியைப் பார்த்துத்தான். எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தாலும் புதியது அமைக்கும் லிங்க் வந்து விழுவது மின்னஞ்சலில். அது கையில் இருந்தால் மற்ற எல்லாமும் ஒவ்வொன்றாக வரும். அதனால் உள்ளே நுழைந்தவன் அவசரப்பட்டுச் சத்தம் போடுவதில்லை. திரும்பி வருவதற்கு வழி செய்துவைத்துவிட்டுத்தான் போவான்.

அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். ஜிமெயிலில் ஃபார்வர்டிங் பகுதியில் தெரியாத முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர்களைத் திறந்து படியுங்கள். 'வங்கி' அல்லது 'பாதுகாப்பு' என்ற சொல் வந்தால் நேராகக் குப்பைக்கு அனுப்பு என்று ஒரு விதி இருக்கலாம். அதனால்தான் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் எதுவும் உங்கள் கண்ணில் படவில்லை. அவுட்லுக்கில் இதற்கு ரூல்ஸ் என்று பெயர். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா? கணக்கை அணுக அனுமதி பெற்ற வெளி ஆப்கள் எவை? தனித்தனி ஆப்களுக்கென்று கொடுக்கும் ஆப் பாஸ்வேர்டுகள் உருவாக்கப்பட்டிருக்கின்றனவா? கடைசி இரண்டையும் பலர் தொடுவதே இல்லை. பாஸ்வேர்ட் மாறிய பிறகும் ஒரு வெளி ஆப்பின் அனுமதி உயிரோடு இருக்க முடியும்.

இத்தனையும் பார்த்த பிறகு, லாகின் ஆகியிருக்கும் சாதனங்களின் பட்டியலுக்குப் போய் தெரியாதவற்றை நீக்குங்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் இன்பாக்ஸின் அடியில், கடைசியாகக் கணக்கு எப்போது, எங்கிருந்து பயன்படுத்தப்பட்டது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதையும் பாருங்கள்.

மீட்பு எண்ணையே அவன் மாற்றிவிட்டால் தாமதிக்கக் கூடாது. மாற்றப்பட்ட பிறகும் 7 நாள்வரை பழைய எண்ணுக்கோ பழைய மின்னஞ்சலுக்கோ சரிபார்ப்புக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் தரக்கூடும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சாதனம், வழக்கமான இடம், வழக்கமான வைஃபை ஆகியவற்றிலிருந்து மீட்க முயன்றால் வெற்றிபெறும் வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் முகவரி எந்தெந்தத் தரவுக் கசிவுகளில் சிக்கியது என்று அறிய, பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' தளம் உதவும். அங்கே மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும்.

போனில் திடீரென்று சிக்னலே இல்லை

போனை அணைத்துப் போடுங்கள். பக்கத்தில் இருக்கும் அதே நெட்வொர்க் போன்களில் சிக்னல் இருக்கிறதா? அவற்றில் இருந்து, உங்களுடையதில் மட்டும் அவசர அழைப்பு மட்டும் என்று காட்டினால், உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். சேவை நிறுவனத்தில் உங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவர் சிம் வாங்கிவிட்டார் என்று பொருள். இனி ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும்.

வேறு போனிலிருந்து சேவை நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்குங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு. எண் திரும்பக் கிடைத்ததும், பின் எண் இல்லாமல் சிம் மாற்றக் கூடாது என்ற வசதி அங்கே இருந்தால் கேட்டு வாங்குங்கள். முக்கியக் கணக்குகளில் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு, போனிலேயே குறியீடு உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கோ பாஸ்கீக்கோ மாறுங்கள்.

மவுஸ் தானாக நகர்கிறது, அல்லது ஒரு ஆப்பை நீக்கவே முடியவில்லை

உதவிக்கு வருகிறேன் என்று சொல்லி தொலைவிலிருந்தே சாதனத்தை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை நிறுவச் சொன்னார்களா? அவை நேர்மையான ஆப்கள்தான், தவறான ஆள் கையில் கொடுத்துவிட்டீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள். அடுத்தபடியாக ஆப்பை நீக்குங்கள். அவர்கள் உள்ளே இருந்தபோது வங்கிப் பக்கத்தைத் திறந்திருந்தீர்கள் என்றால் வங்கிக்குச் சொல்லுங்கள். 'தவறுதலாக அதிகப் பணம் உங்களுக்கு வந்துவிட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்ற நாடகமும் இதன் தொடர்ச்சி. பிரவுசரில் தெரியும் தொகையை, அந்தப் பக்கத்தின் நிரலைத் திருத்தி, உங்கள் கண்முன்னே மாற்றிக்காட்டலாம். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் பழைய தொகை வந்துவிடும். இருப்பை வேறு போனிலிருந்து பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் லிங்க் மூலம் வந்த ஏபிகே ஃபைலை நிறுவியிருந்தால், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதியைத் திறந்து பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ உருவான இந்த அனுமதியைத்தான் திருட்டு ஆப்கள் குறிவைக்கின்றன. திரையைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அது போதும். நீக்கப் போனால் செட்டிங்ஸையே மூடிவிடும். அப்படி நடந்தால் போனை சேஃப் மோடில் தொடங்குங்கள், அதில் வெளியிலிருந்து நிறுவிய ஆப்கள் இயங்காது. ஆக்சஸிபிலிட்டி அனுமதியையும், டிவைஸ் அட்மின் அனுமதியையும் எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட். ஐபோனில் இதற்கு ஈடாகப் பார்க்க வேண்டியது, செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், விபிஎன் மற்றும் டிவைஸ் மேனேஜ்மென்ட். நீங்கள் போடாத ப்ரொஃபைல் இருந்தால் நீக்குங்கள்.

பணம் போய்விட்டது

நேரம்தான் எல்லாம். மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகக் கைமாறிக்கொண்டே போகும். முதல் கணக்கிலோ இரண்டாவதிலோ இருக்கும்போது பிடித்தால்தான் வாய்ப்பு.

வங்கியை அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்லாதீர்கள். 'இந்தப் பரிவர்த்தனை மோசடி, பெறும் வங்கியில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்' என்று தொடங்கி, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். அதே மூச்சில் உங்கள் நாட்டின் சைபர் குற்றப் புகார் எண்ணிலோ தளத்திலோ பதியுங்கள். வங்கி பதில் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கார்டில் போயிருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. கார்டை முடக்கிவிட்டு, அந்தப் பரிவர்த்தனையை மறுக்கிறேன் என்று எழுத்தில் கொடுக்கலாம். பரிசு அட்டை எண்களைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், அட்டையையும் ரசீதையும் வைத்துக்கொண்டு அட்டையை வெளியிட்ட நிறுவனத்தை உடனே அழையுங்கள். எண் இன்னும் செலவாகாமல் இருக்கலாம். கிரிப்டோவில் அனுப்பியதைத் திருப்பி வாங்கும் பொத்தான் யாரிடமும் கிடையாது. பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடான ஹேஷை எடுத்துவைத்து, அனுப்பப் பயன்படுத்திய எக்ஸ்சேஞ்சுக்கும் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) காவல்துறைக்கும் கொடுங்கள். கிரிப்டோ வைத்திருக்கும் வாலட்டின் மீட்புச் சொற்களை எங்காவது தட்டச்சு செய்துவிட்டீர்கள் என்றால், பாஸ்வேர்ட் மாற்றிப் பயன் இல்லை. புதிய வாலட் உருவாக்கி, மீதி இருப்பதை இந்த நிமிடமே அங்கே மாற்றுங்கள்.

பணம் வந்து சேர பின் எண் போட வேண்டும் என்று யாராவது சொல்லி, நீங்களும் போட்டிருந்தால், அது பெற்றது அல்ல, அனுப்பியது.

முதலீட்டு ஆப்பில் லாபம் தெரிகிறது, எடுக்க முடியவில்லை

அந்த லாபம் எங்கேயும் இல்லை. திரையில் ஓடும் எண் அது. தொடக்கத்தில் சிறு தொகையை எடுக்க விட்டார்கள் அல்லவா, உங்கள் நம்பிக்கையை வாங்க அவர்கள் செய்த செலவு அது. இப்போது வரி கட்டினால் எடுக்கலாம், சரிபார்ப்புக் கட்டணம் கட்டினால் எடுக்கலாம் என்பார்கள். வரியை லாபத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், புதிதாக ஒரு காரணம் வரும். இனி ஒரு காசும் அனுப்பாமல், அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் பட்டியல் போட்டுப் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ மாதக்கணக்கில் அன்பாகப் பேசியவர்தான் இதைக் காட்டினார் என்றால், அந்த ஆளும் வேலையின் ஒரு பகுதிதான். ஏற்றுக்கொள்ளக் கடினமானது இதுதான் என்பது தெரியும்.

உன் படம் என்னிடம் இருக்கிறது என்று மிரட்டல்

இரண்டு வகை உண்டு. மின்னஞ்சலில் உங்கள் பழைய பாஸ்வேர்ட் ஒன்றைக் காட்டி, வெப்கேமில் படம் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் அது வெறும் மிரட்டல். கசிந்த பாஸ்வேர்ட் பட்டியல்களைப் பார்த்து 2018-இலிருந்து மொத்தமாக அனுப்பப்படும் கடிதம் அது. உங்கள் முகவரியிலிருந்தே வந்தது போலத் தெரிவதும் ஆதாரம் ஆகாது. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது எளிது. அந்தப் பாஸ்வேர்ட் இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்றிவிட்டு, கடிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

உண்மையிலேயே படமோ வீடியோ அழைப்புப் பதிவோ அவர்களிடம் இருந்தால், பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். உரையாடலைப் படம் எடுத்து வைத்துவிட்டு பதில் சொல்வதை நிறுத்துங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், உங்கள் போனிலேயே அதன் டிஜிட்டல் ரேகையைக் கணக்கிட்டு, அதை மட்டும் தளங்களுக்குத் தருகிறது. அதில் இணைந்துள்ள தளங்கள் அந்தப் படம் பரவாமல் தடுக்க அதைப் பயன்படுத்துகின்றன. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை. சிக்கியது உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் திட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் தனியாக இருக்கக் கூடாது.

மகள் குரலில் அழுகை, அல்லது மேலதிகாரியே வீடியோவில் வந்து பணம் அனுப்பச் சொல்கிறார்

குரலும் முகமும் இன்று அடையாளச் சான்று அல்ல. ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், போலியாக உருவாக்கிய சக ஊழியர்களோடு வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டு சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். 2024-இல் வெளியே வந்த செய்தி அது. முதலில் அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது, தெரிந்த முகங்களைப் பார்த்ததும் போய்விட்டது.

அழைப்பைத் துண்டித்து, உங்கள் போனில் ஏற்கெனவே சேமித்திருக்கும் எண்ணை நீங்களே அழையுங்கள். துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று வற்புறுத்தினால் சந்தேகத்துக்கே இடமில்லை. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஃபைல்கள் எல்லாம் திறக்க மறுக்கின்றன, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்கிறது

நெட்வொர்க்கிலிருந்து கணினியைப் பிரித்துவிடுங்கள். பேக்கப் டிரைவை அதில் செருகாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த ரான்சம்வேர் நிரல்களில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் மிரட்டல் குறிப்பைக் கொடுத்துத் தேடலாம். இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரக்கூடும் என்பதால் பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள்.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் தொடர்புகொள்கிறார்

ஏமாந்தவர்களின் பட்டியல் விற்பனைக்குப் போகும் பொருள். நீங்கள் இழந்த தொகை, ஆப்பின் பெயர், தேதி எல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறதே என்று வியக்கிறீர்களா? ஏமாற்றியவர்களிடமிருந்தே வந்த தகவலாக இருக்கும், சில சமயம் அதே ஆட்களே. வழக்கறிஞர், எத்திக்கல் ஹேக்கர், அரசு அதிகாரி என்று என்ன வேஷத்தில் வந்தாலும், முன்பணம் கேட்டாலோ வாலட்டின் மீட்புச் சொற்களைக் கேட்டாலோ உரையாடலை முடித்துவிடுங்கள். அந்த எண்ணையும் பழைய புகார் எண்ணோடு சேர்த்துக் கொடுங்கள். விசாரிப்பவர்களுக்கு அது புதிய தடயம். அடுத்த சில மாதங்களுக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் வரத்தான் செய்யும். தெரியாத எண்களை ஒலிக்காமல் வைக்கும் வசதி வாட்ஸ்அப்பிலும் பெரும்பாலான போன்களிலும் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.